வளர்ப்பு முயல்களை மலையில் திறந்துவிட்டால் வட்டவடை விவசாயிக்கு என்ன நேரும்?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள மலையூரான வட்டவடையில், கோவிலூர்ப் பக்கம் காரட்டும் பீன்ஸும் போடும் விவசாயி என்று சொல்லி நீங்கள் கேட்டிருப்பது இது: பக்கத்து விடுதிக்காரர் சுற்றுலாப் பயணிகளுக்காக வளர்த்துவந்த முயல்களை, கூண்டை மூடப்போவதால், ஊருக்கு மேலே உள்ள புல்மேட்டில் விட்டுவிட எண்ணியிருக்கிறார், சிலவற்றை ஏற்கெனவே விட்டும்விட்டார். “நாலு நாளில் செந்நாய் தின்றுவிடும், பயப்படாதீர்கள்” என்கிறார் ஒருவர். “ஆஸ்திரேலியாவில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்” என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முயல் இங்கே நிலைத்துப் பெருகுமா என்பது ஒன்று. பெருகினாலும் பெருகாவிட்டாலும், ஒருவர் தமக்கு வேண்டாத விலங்கை மற்றவர்களின் வயலோரத்தில் விடும்போது அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு முடிவான விடையை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. இரண்டாவதற்குச் சொல்ல முடியும். மறையூர், மூணாறு வட்டாரத்தில் கால்நடை மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இரண்டுக்கும் எழுதுகிறேன்.

முதலில் விலங்கைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கூண்டில் வளர்க்கப்படும் முயல்கள், அவை சோவியத் சின்சில்லாவாக இருந்தாலும் ஒயிட் ஜெயண்ட்டாக இருந்தாலும், ஐரோப்பிய முயல் என்ற ஒரே இனத்தின் வளர்ப்பு வகைகள். மலைக்கு அந்தப்புறம் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி மையத்தில் இவற்றைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் புல்மேட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும், பிடரியில் கருப்புப் பட்டை கொண்ட காட்டு முயல் வேறு இனம். காட்டு முயல் வளை தோண்டாது. புல் மறைவில் ஒரு குழிவில் படுத்திருக்கும். அதன் குட்டி உடலில் முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளர்ப்பு முயல் வளை தோண்டும். அதன் குட்டி முடியில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். இரண்டும் கலந்து புதிய இனம் உண்டாகும் என்று ஊரில் சிலர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலை வேண்டாம்; ஒன்றுக்கு 48 குரோமோசோம்கள், மற்றதற்கு 44; இவை இணைந்து குட்டி ஈனுவதில்லை. ஆனால் இரண்டையும் பிரித்தறிவது சட்டப்படி முக்கியம். காட்டு முயல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது. வளர்ப்பு முயலைப் பிடிக்கப்போய் அதைப் பிடித்துவிட்டால் வழக்கு உங்கள் மீது வரும், விடுதிக்காரர் மீது வராது.

ஆஸ்திரேலியக் கதையை முழுமையாகப் படித்தால் உங்கள் ஊரில் வாதாடும் இருவருக்குமே அதில் கொஞ்சம் ஆதாரம் கிடைக்கும். அங்கே முயல் முதன்முதலில் வந்தது 1788ஆம் ஆண்டில், பிரிட்டிஷாரின் முதல் கப்பல் தொகுதியுடன். அதற்குப் பின் பல முறை வளர்ப்பு முயல்கள் கொண்டுவரப்பட்டு, ஆங்காங்கே தப்பியும் விடப்பட்டும், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அவற்றால் பெருநிலத்தில் பெரிய பரவல் ஏதும் நிகழவில்லை. 1859ஆம் ஆண்டின் கடைசியில் விக்டோரியா மாகாணத்தின் வின்செல்சியில் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார், வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்துத் தம் பண்ணையில் பெருக்கினார். அவற்றில் காட்டு வகையின் இரத்தம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் முயல்களில் பெரும்பான்மை அந்த ஒரு வரவிலிருந்தே கிளைத்தவை என்பதை 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. மேய்ச்சலால் குட்டையாக்கப்பட்ட புல்வெளியும், தோண்ட எளிதான மண்ணும், பகை விலங்குகளை மனிதர்களே கொன்று தீர்த்திருந்த சூழலும் அவற்றுக்கு வாய்த்தன. ஆண்டுக்கு நூறு கிலோமீட்டர் வரை முன்னேறி, 1890களில் மேற்கு ஆஸ்திரேலியா வரை போய்விட்டன. அவற்றைத் தடுக்க அந்த மாகாணம் 1901 முதல் 1907 வரை மூன்று வேலிகளைக் கட்டியது. மொத்த நீளம் 3,256 கிலோமீட்டர். முதல் வேலி முடிவதற்குள்ளேயே முயல்கள் அதன் மேற்குப் பக்கம் போயிருந்தன.

அந்த நாட்டு விவசாயக் குடும்பங்களுக்கு நேர்ந்ததை நம் ஊர்களில் எவரும் போதிய அளவு சொல்வதில்லை. நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பகுதியில் கடனும் வறட்சியும் கம்பளி விலைச் சரிவும் ஒன்றாகச் சேர்ந்த காலத்தில், ஆடு தின்ன வேண்டிய புல்லை முயல் தின்றது. ஏறத்தாழ பத்து முயல்கள் ஓர் ஆடு தின்னும் அளவைத் தின்னும். புல் தீர்ந்தபின் செடிகளின் பட்டையைக் கடித்தன, வேரைத் தோண்டின; மண் காற்றில் போயிற்று. மேய்ச்சல் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் கைவிட்டுப் போனார்கள். அந்தச் சீரழிவை விசாரிக்க ஓர் அரச ஆணையமே அமைக்கப்பட்டது. முயலைத் தவிர வேறு காரணங்களும் உண்டு, நிலம் தாங்கும் அளவுக்கு மேல் ஆடு மேய்த்தது உட்பட. ஆனால் தாங்கிக்கொள்ளக்கூடிய கெட்ட காலத்தைத் தாங்க முடியாததாக ஆக்கியதில் முயலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1887இல் அந்த அரசு முயலை ஒழிக்கும் வழிக்கு 25,000 பவுண்டு பரிசு அறிவித்தது. லூயி பாஸ்டரே தம் உறவினர் அட்ரியன் லுவாரைக் கோழிக் காலராக் கிருமியுடன் சிட்னிக்கு அனுப்பினார். அந்தத் திட்டம் ஏற்கப்படவில்லை. பின்னர் 1950இல் தென் அமெரிக்க முயல்களிடமிருந்து எடுக்கப்பட்ட மிக்ஸோமா வைரஸ் விடப்பட்டு, கொசுக்கள் வழியாகப் பரவி, தொடக்கத்தில் தொற்றிய முயல்களில் 99 சதவீதத்துக்கு மேல் கொன்றது. சில ஆண்டுகளில் வைரஸ் வீரியம் குறைந்தது, தப்பிய முயல்களின் வாரிசுகள் எதிர்ப்பு பெற்றன. 1995இல் இரத்தக்கசிவு நோய் வைரஸ், வார்டாங் தீவில் சோதனையில் இருந்தபோதே கரைக்குத் தப்பிப் பரவியது. அதுவும் பலன் கொடுத்துப் பின் மங்கியது. இன்றுவரை அங்கே முயலைக் கட்டுப்படுத்துவது நிலவுடைமையாளரின் சட்டக் கடமை. குவீன்ஸ்லாந்தில் வீட்டில் செல்லப்பிராணியாக முயல் வளர்க்கவே தடை. விட்டவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் விவசாயி செலவு செய்துகொண்டிருக்கிறார்.

நியூசிலாந்தில் நடந்தது எனக்கு இன்னும் வருத்தம் தருவது. ஒட்டாகோ பகுதியில் 1870களிலும் 80களிலும் முயலால் பல ஆட்டுப் பண்ணைகள் கைவிடப்பட்டன. அதைச் சரிசெய்ய 1880களில் மரநாய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டோட், ஃபெரெட் முதலியவற்றை இறக்குமதி செய்து விட்டார்கள். அவை முயலை ஒழிக்கவில்லை. பறக்கத் தெரியாத கிவிப் பறவையின் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கின, இன்றும் தின்கின்றன. ஒரு நூற்றாண்டு கழித்து, 1997இல், அந்த இரத்தக்கசிவு வைரஸை இறக்குமதி செய்ய அரசு அனுமதி மறுத்த சில வாரங்களில், யாரோ அதைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்தார்கள். நோயில் செத்த முயலின் உறுப்புகளைச் சமையலறை மிக்சியில் அரைத்து, இரையில் கலந்து விவசாயிகளே தங்கள் நிலங்களில் இறைத்தார்கள். அளவும் காலமும் தவறிய இடங்களில் முயல்கள் சாவதற்குப் பதிலாக எதிர்ப்பு பெற்றன. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைமுறைகளாக ஒரு விலங்கோடு போராடிய மக்கள் பொறுமையிழந்து எந்த எல்லைக்குப் போவார்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நம் எல்லைப்புறத்திலும் பன்றிக்கு அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் இரை) வைக்கும் நிலைக்கு மனிதர்கள் இப்படித்தான் தள்ளப்பட்டார்கள்.

இனி உங்கள் புல்மேடு. வளர்ப்பு முயல்கள் இங்கே நிலைக்காது என்று எண்ண வலுவான காரணங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவிலேயே வளர்ப்பு வகை பல பத்தாண்டுகள் தோற்றது. வெள்ளை நிற முயல் புல்லில் ஒளிய முடியாது. கூண்டில் பிறந்தது பருந்தின் நிழலைப் பார்த்து ஓடக் கற்றதில்லை. வட்டவடையைச் சுற்றிச் செந்நாய், காட்டுப்பூனை, கீரி, நரி, சிறுத்தை, மலைப்பாம்பு, கருங்கழுகு என்று தின்ன வருபவை ஏராளம். தெருநாயைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். வெப்பம் 30 பாகைக்கு மேல் போனால் ஆண் முயலின் இனப்பெருக்கத் திறன் குறையும் என்பதால், சமவெளியில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தப்பிய முயல்கள் பெருகுவது கடினம். ஆனால் உங்கள் ஊரின் உயரத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. 1,500 மீட்டருக்கு மேல் ஆண்டு முழுவதும் நிலவும் குளிர்ச்சி முயலுக்கு மிகவும் உகந்தது. மன்னவனூரில் முயல் ஆராய்ச்சி நடப்பதற்கும் அந்தக் குளிர்ச்சி ஒரு காரணம். மழை அதிகம், வளை நனையும் என்று சிலர் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, எப்போதும் ஈரமும் குளிருமாக இருக்கும் மக்குவாரித் தீவில் முயல்கள் மலைச்சரிவையே தோண்டிச் சரித்தன, 2014இல்தான் அந்தத் தீவு முயலற்றதாக அறிவிக்கப்பட்டது.

வெப்பமண்டலத்து மலை என்பதாலும் நிம்மதி கொள்ள முடியாது. ஹவாய்த் தீவுகளில் மௌவியின் ஹலியாகலா தேசியப் பூங்காவில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், யாரோ விட்டுப்போன சில வளர்ப்பு முயல்கள் பெருகியிருப்பது 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. உடனே வேலையில் இறங்கியதால் நூறு முயல்களோடு முடித்துவிட்டார்கள். அதே ஹவாய்த் தொடரின் லேசான் தீவில் 1903இல் வளர்ப்பு முயல்கள் விடப்பட்டன; யாரும் தடுக்கவில்லை. இருபது ஆண்டுகளில் தீவின் தாவரங்கள் ஏறக்குறைய முழுவதும் அழிந்தன, அந்தத் தீவுக்கே உரிய மூன்று பறவை வகைகள் அங்கிருந்து மறைந்தன. இந்தத் தீவுகளில் முயலைத் தின்னும் விலங்குகள் நம் மலையில் உள்ள அளவு இல்லை என்பது உண்மை. அந்த வேறுபாடு உங்களுக்குச் சாதகமானது. எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், விடப்பட்ட முயல்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் இறக்கும் என்பதே என் கணிப்பு. கணிப்புதான், உத்தரவாதம் அன்று. செந்நாய்க் கூட்டம் ஊரோரத்து யூக்காலித் தோட்டத்துக்குள் தினமும் வருவதில்லை. பகை விலங்குகள் மனித நடமாட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கும் அந்தக் குறுகிய பட்டையில், காட்டுக்கும் வயலுக்கும் இடையில், நாலைந்து முயல்கள் ஒரு பருவத்தைக் கடத்திவிட்டால் கணக்கு மாறிவிடும். பெட்டை முயல் நாலைந்து மாதத்தில் பருவமடையும், 31 நாளில் குட்டி போடும், ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படவும் கூடும்.

பெருகினால், சரிவில் படியாக வெட்டிய உங்கள் தட்டு நிலத்தில் என்ன ஆகும் என்பதில் ஐயம் குறைவு. காட்டுமாடு வந்தால் ஒரே இரவில் தட்டு முழுவதும் மிதிபடும், ஊரே திரண்டு பார்க்கும். முயல் அப்படிக் காட்டிக்கொள்ளாது. வளைக்கு அருகில் உள்ள முதல் இரண்டு பாத்திகளில் பீன்ஸ் முளை, பட்டாணித் தளிர், கோஸ் நாற்று ஆகியவை காலையில் இருக்காது. முளைப்பு சரியில்லை, விதை கெட்டது என்றே நினைப்பீர்கள். குனிந்து தண்டைப் பாருங்கள். முயல் கடித்த தண்டு, கத்தியால் சாய்வாகச் சீவியது போலச் சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். மிளாவுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் அது கடித்த தண்டு நார் நாராகப் பிய்ந்திருக்கும். முழங்காலுக்கு மேலே கடியும் தெரிந்தால் அது முயல் அன்று. பக்கத்தில் பட்டாணி அளவில் உருண்டையான, நாருள்ள புழுக்கைகள் கிடக்கும். பூண்டை அவ்வளவாகத் தொடாது என்பதுதான் உங்களுக்கு ஆறுதல். மேலும் முயல் தட்டின் கல்வரப்புக்கு அடியில் தோண்டும். துலாம் (ஐப்பசி) மழையில் அந்த வரப்பு சரிந்தால் திரும்பக் கட்டும் கூலி பயிர் இழப்பைவிடப் பெரிதாகும். காட்டுமாட்டுக்காகப் போட்ட சோலார் வேலி இதற்கு உதவாது, அடிக்கம்பிக்குக் கீழே முயல் தாராளமாக நுழையும். முயலைத் தடுக்கும் வேலிக்கு மூன்றடி உயரக் கம்பி வலையை, நான்கு சென்டிமீட்டருக்கு மேற்படாத கண்ணுடன், அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்துப் போட வேண்டும். அரை ஏக்கர் விவசாயியால் அது முடியுமா என்பதை நீங்களே அறிவீர்கள்.

பெருகாமல் எல்லாம் செத்துப்போனால் கேடில்லை என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. வளர்ப்பு முயல்களுக்குச் சொறி மிகச் சாதாரணம். காதுக்குள் செதில் கட்டி, மூக்கு விளிம்பு தடித்துப்போன முயல்களை எத்தனையோ முறை கையில் தூக்கியிருக்கிறேன். அந்தச் சொறிப் பூச்சி நாய்க்கும், சில நாள்களுக்கு மனிதருக்கும் அரிப்பைக் கொடுக்கும். காட்டு முயலுக்குப் போகுமா என்றால் வாய்ப்பு உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எளிதாக இரை கிடைத்த நாய்க்கூட்டம் முயல் தீர்ந்ததும் கலைந்துபோகாது. கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் வரும். முயலின் பக்கம் நின்று பார்த்தாலும், “கொல்வதைவிட விடுவது புண்ணியம்” என்ற எண்ணம் தவறு. தீவனத்தட்டைத் தவிர வேறெதையும் அறியாத விலங்கைப் பசிக்கும் நாய்க்கும் விட்டுவிட்டு வருவதில் கருணை இல்லை. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவதையே குற்றமாக வைத்திருக்கிறது. உங்கள் ஊரைச் சுற்றிப் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவும் குறிஞ்சிமலைச் சரணாலயமும் இருப்பதால் அந்த எல்லைக்குள் வெளி விலங்கை விடுவது இன்னும் கடுமையான விஷயம். இன்னொன்று: காட்டு விலங்கு பயிரைத் தின்றால் வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம். கைவிடப்பட்ட வளர்ப்பு முயல் வனவிலங்கு அன்று; ஆகவே அந்த மனு நிற்காது என்பதே என் புரிதல். அதை வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

ஓரிடத்தின் தொல்லையை இன்னோர் இடத்துக்கு மாற்றுவது தீர்வாகாது என்பதை எல்லையின் இருபக்கத்தாரும் 2023இல் கண்டோம். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத்துத் தெருவில் நின்றது. அங்கே பிடித்து மீண்டும் கோதையாற்றுக்கு மேலே கொண்டுபோனார்கள். யானைக்கும் முயலுக்கும் ஒப்புமை அவ்வளவுதான். யானையை இடம் மாற்றியது அரசு, நீதிமன்றத்தின் மேற்பார்வையில், கழுத்தில் இருப்பிடம் காட்டும் கருவியோடு. இங்கே ஒரு தனியாள் எவரையும் கேட்காமல் செய்கிறார். முறையாக இடம் மாற்றுவது எப்படி என்பதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக வளாகத்தில், விடப்பட்ட செல்ல முயல்கள் ஆயிரத்துக்கு மேல் பெருகிவிட்டபோது, 2010, 2011ஆம் ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானவற்றைப் பிடித்து, கருத்தடை செய்து, அரசு அனுமதி பெற்ற, வேலியிட்ட காப்பகங்களுக்கே அனுப்பினார்கள். திறந்த வெளியில் எங்கும் விடவில்லை.

ஆகவே உங்கள் வேலை இந்த மாதத்துக்குள் இருக்கிறது. விடுதிக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், எத்தனை விட்டார், அதில் பெட்டை எத்தனை, எந்தத் தேதியில் விட்டார் என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கூண்டையே, பழகிய தீவனத்தோடு, விட்ட இடத்தில் அந்தி நேரத்தில் திறந்து வைத்தால் பாதியாவது தானே வந்து ஏறும். கூண்டு முயலுக்குக் கூண்டுதான் வீடு. வராதவற்றுக்கு, விலங்குக்குக் காயம் ஏற்படாத பெட்டிப் பொறியில் காரட் வைக்கலாம். அதுவும் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் தகவல் சொன்னபின், பட்டா நிலத்தில் மட்டும். காட்டு முயல் அகப்பட்டால் அந்த நொடியே திறந்துவிட வேண்டும். கண்ணி வேண்டாம், அதில் சிறுத்தையும் மாட்டும். விஷம் எந்த நிலையிலும் வேண்டாம். உங்கள் நாயும், செத்ததைத் தின்னும் பறவையும், வாய்க்கால் தண்ணீரும் அதற்குப் பலியாகும். இன்னும் கூண்டில் இருப்பவற்றை வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கும்படியும், ஆணையும் பெட்டையையும் பிரித்து வைக்கும்படியும் பஞ்சாயத்து வழியாக விடுதிக்காரருக்குச் சொல்லச் செய்யுங்கள். விட்ட முயல்கள் எல்லாம் அகப்பட்டன என்று தோன்றினாலும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்குக் கல்வரப்புகளைச் சுற்றி வாருங்கள். குட்டி போட்ட முயல் வளையின் வாயைப் புதுமண்ணால் மூடிவிட்டு, நாளுக்கு ஒரு முறை சில நிமிடங்கள் மட்டும் வந்து பால் கொடுத்துப் போகும். புல்லுக்கிடையில் கையகல இடத்தில் மண் மட்டும் புதிதாகத் தட்டிவிட்டது போல் தெரிந்து, கிளறினால் முயல் முடி வந்தால், உள்ளே குட்டிகள் இருக்கின்றன என்று பொருள். அதைத் தோண்டாமல் அடையாளம் வைத்துவிட்டு, கால்நடை மருத்துவரை வரச் சொல்லுங்கள்.